ஒன்றுமே கலக்காத தண்ணீர்

என் தம்பி பெண்டாட்டி உஷாராணியை எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "மாதவி ஒருதலையாகப் பேசுகிறாள்" என்று மூக்கால் அழ வேண்டாம்.

என் தம்பி லோகன் போன தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் செத்துப்போனான். நாற்பத்தாறு வயது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவன். காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. அவனைக் கொண்டுபோனது வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தவள் உஷாராணிதான் என்று கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கிள்ளானில் அவள் இனித் தலைகாட்ட முடியாது.

அவள் செந்தூலில் பிறந்தவள். அப்பன் குடிகாரன், அம்மா ஆபீஸ் கூட்டுகிற வேலை. பதினெட்டு வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தீபாவளிக்கு எனக்குச் சேலை வாங்கப் போன லோகன், சேலையையும் வாங்கிக்கொண்டு, சேலை விற்றவளையும் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தச் சேலை இரண்டாவது துவையலில் சாயம் போனது. "வெயில்ல காயப் போட்டிருப்பீங்க அண்ணி" என்றாள், கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரத்தில், என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் பிழைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள்தான் பிழைக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்கு ஏஜெண்டாகச் சேர்ந்தாள். தண்ணீர் மெஷின் விற்கிற கம்பெனி. வடிகட்டுகிற சாதாரண ஃபில்டர் இல்லை அது. பைப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைப் பிடித்து, குளிர வைத்துச் சொட்டுச் சொட்டாக ஜாடியில் இறக்கும். தண்ணீரில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிற மீட்டரை அதில் நனைத்தால் பூஜ்யம் காட்டும். "ஒண்ணுமே கலக்காத தண்ணி" என்று பேர் வைத்துத்தான் விற்பாள். நம் ஊரில்தான் வருடத்துக்கு நாலு தரம் தண்ணீர் வெட்டு வருமே. மூன்று நாள் வறண்டு கிடந்துவிட்டு பைப்பு திறந்ததும் பால் விடாத தே ஓ நிறத்தில் தண்ணீர் வரும். அன்றைக்குக் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு தாமான் தாமானாக வீடு ஏறி இறங்கக் கிளம்பிவிடுவாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

அவள் செய்கிற வித்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலேயே செய்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வைத்திருந்தாள். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் என் வீட்டுப் பைப்புத் தண்ணீர், இன்னொன்றில் அவளுடைய மெஷின் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி, சுவிட்சைத் தட்டினாள். ஒரு நிமிடம்கூட இல்லை, என் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, சாக்கடை மாதிரி பழுப்பு நுரை கட்டிக்கொண்டது. அவளுடைய தம்ளர் பளிச்சென்று அப்படியே நின்றது.

"இதைத்தான் அக்கா பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்க" என்றாள், கண்ணில் நீர் வருகிற மாதிரி. எதிர் வீட்டுக்காரி "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மகள் அனுப்பிரியா அப்போது யூனிவர்சிட்டிக்கு முந்தின ஃபார்ம் சிக்ஸ் முதல் வருடம், கெமிஸ்ட்ரி படிக்கிறவள். அவள் சமையலறையிலிருந்து வந்து, "அத்தை, அந்த அழுக்கு தண்ணியோடது இல்ல, கம்பியோடது" என்றாள். "பைப்புத் தண்ணியில கொஞ்சம் உப்பு, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கரைஞ்சிருக்கும். அதனாலதான் கரண்ட் பாயுது. கரண்ட் பாய்ஞ்சா இரும்பு கரையுது. உங்க தண்ணியில ஒண்ணும் இல்ல, கரண்ட் பாயல, அவ்வளவுதான் லா. குடிக்கிற தண்ணின்னா அதுல கொஞ்சம் ஏதாவது இருக்கணும். ஒண்ணுமே இல்லாதது லேப்புக்கும் பேட்டரிக்கும் ஊத்துறது." சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அந்தப் பளிச்சென்ற தம்ளரில் போட்டாள். அதுவும் பழுப்பாகிப் போனது.

எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. இன்றைக்கு மாட்டினாள் என்று நினைத்தேன். ஆனால் உஷாராணி ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை.

"பார்த்தீங்களா அக்கா! ஒரு சிட்டிகை உப்புக்கே இவ்வளவு அழுக்கு. அப்ப தினமும் சாப்பாட்டுல போடுறோமே, உடம்புக்குள்ள என்ன கதியாகும்? அனு, நல்லாக் காட்டினம்மா."

அன்றைக்கு மூன்று பேர் மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் போன பிறகு அனுப்பிரியா விடவில்லை. "அத்தை, அந்தத் தண்ணி விஷமில்லதான். சாப்பாட்டுல உப்பு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா உப்பு அழுக்குன்னு சொல்லாதீங்க. யாராச்சும் நம்பிடுவாங்க" என்றாள். உஷாராணி சிரித்துக்கொண்டே கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

நம்பியவன் ஒருவன் இருந்தான். சுவரில் சாய்ந்து, பெண்டாட்டியின் பேச்சைக் கோயில் பிரசங்கம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். என் தம்பிதான். அவளுக்கு அவனைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைத்ததே இல்லை.

போன வருடம் உஷாராணிக்கு மார்பில் கட்டி வந்தது. லோகன் இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடந்தான். நல்லபடியாக வந்தால் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று வந்தது. அவளுக்காகத்தான் அந்த விரதம். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பத்தெட்டு நாள் விரதம். எல்லோரும் போலக் கவுச்சி சாப்பிடாமல், ஒரு வேளைச் சோறு சாப்பிட்டு இருந்திருந்தால் போதும். அவனுக்குப் போதவில்லை. கடைசி இருபத்தொரு நாளும் உப்பே இல்லை என்று முடிவு பண்ணினான். அதோடு பெண்டாட்டியின் தண்ணீர். அந்த மாதத்தில் அவள் காவடி எடுக்கிறவர்களின் வீடுகளாகப் பார்த்துத்தான் ஏறி இறங்கினாள். "சாமி காரியத்துக்கு ஒண்ணுமே கலக்காத தண்ணிதான் அக்கா சரி. ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் குடிச்சா உள்ள இருக்கிற கசடெல்லாம் வெளியே போயிடும்" என்று சொல்லிச் சொல்லி விற்றாள். ஊருக்குச் சொன்னதை வீட்டில் ஒருவன் அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தான். லோரியில் போகும்போதுகூட இரண்டு பெரிய போத்தல்.

"நீ சொல்றதெல்லாம் வியாபாரத்துக்குத்தானே, அவன்கிட்டயாவது உண்மையச் சொல்லேன்டி" என்று நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அவன் காவடி தூக்குவது பெருமையாக இருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்று தினமும் போன் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

நாற்பத்தோராம் நாளிலிருந்து தலைவலி என்றான். பிறகு வாந்தி. கால் பின்னியது. அனுப்பிரியாவைப் பார்த்து, செத்துப்போன எங்கள் அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அனு பயந்துபோய், "மாமாவை டாக்டர்கிட்ட காட்டலாம்மா" என்றாள். "விரதம் முத்துதுடி. எங்கம்மாவே வந்து அவன் கண்ணுல நிக்கிறாங்க" என்று அவள் வாயை அடைத்தேன். விரதக்காரன் தள்ளாடினால் நம் சனம் வேறென்ன நினைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை லோகன் வீட்டில் பூசை. முப்பது பேர் இருப்பார்கள். அனுப்பிரியா டியூஷனுக்குப் போயிருந்தாள். உறுமி அடிக்க ஆரம்பித்ததுமே லோகன் ஆடினான். கண் மேலே சொருகியது. கை வெட்டி வெட்டி இழுத்தது. "வேல் வேல்! வெற்றி வேல்!" என்று கூடம் அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பூசை நடத்த வந்த பூசாரி கண்ணைக் காட்ட, உறுமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை கேட்டாள். ஒருத்தி வீடு கேட்டாள். அவன் "தண்ணி, தண்ணி" என்றான். சாமி தண்ணீர் கேட்கிறது என்று நான்தான் ஜாடியைத் தூக்கிக் கொடுத்தேன். அவளுடைய மெஷின் தண்ணீர். மடமடவென்று குடித்தான்.

கூட்டம் நெருக்கியது. அவனைக் கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். அறைக்குள் போன கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளி, உடம்பு விறைத்து, நீலம் பாரித்துவிட்டான். அதையும் சாமி என்றுதான் வெளியே நின்றவர்கள் நினைத்தார்கள். டியூஷன் முடிந்து வந்த அனுப்பிரியாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அலறி, ஆம்புலன்சுக்கு அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு. என்னையும் உஷாராணியையும் அனுவையும் உட்கார வைத்துச் சொன்னது. "ரத்தத்துல சோடியம், அதாவது உப்பு, நூத்தி முப்பத்தஞ்சுக்குக் குறையக் கூடாதும்மா. இவருக்கு நூத்தி நாலு. மூளை தண்ணிய இழுத்து வீங்கிப் போச்சு. உப்பே சாப்பிடல. பிரஷர் மாத்திரை இருக்கிற உப்பையும் மூத்திரத்துல வெளியேத்தியிருக்கு. அதுக்கு மேல எட்டு லிட்டர் தண்ணி."

"பைப்புத் தண்ணி குடிச்சிருந்தா, டாக்டர்?" என்று அனு கேட்டாள்.

"அதையும் இவ்வளவு குடிச்சா ஆபத்துதான்மா. பைப்புத் தண்ணியில உள்ள உப்பு ரொம்பக் கொஞ்சம். ஆனா சும்மா யாரு எட்டு லிட்டர் குடிப்பா? யாரோ குடிக்கச் சொல்லியிருக்காங்க. உப்பையும் விடச் சொல்லியிருக்காங்க." பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்தது. "வீட்டுல ஒருத்தருக்குக்கூடவா இது சாமியில்ல, சீக்குன்னு தோணல? அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்."

உஷாராணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். "இவதான் டாக்டர்! இந்தத் தண்ணிய விக்கிறவளே இவதான்!" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

லோகன் அன்று மாலையே போய்விட்டான்.

சாவு வீட்டில் அவளைப் பாடையின் பக்கம் நிற்க விடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி அழுதேன். மெஷின் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டார்கள். ஒருத்தி துப்பிவிட்டே போனாள். கம்பெனி அவள் பேரையே தெரியாது என்று கைகழுவியது. முப்பதாம் நாள் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனாள். பத்து வருடம் வாயால் வாழ்ந்தவள், ஒரு பதில் வார்த்தை பேசாமல் போனாள். ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியமில்லை, பயம்தான்.

அந்த உள்ளறையில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

லோகனை நான் அறைக்குக் கூட்டிப்போனது கூட்டம் நெருக்கியதால் இல்லை. வெளியே எல்லோரும் வரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என் முறை வரவில்லை. என் கூடப்பிறந்தவன் மேல் இறங்கிய சாமி, எனக்கு முதலில் சொல்ல வேண்டாமா? கதவைச் சாத்தி அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அனுவுக்கு யூனிவர்சிட்டி இடம் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவன் "அக்கா, தலை வெடிக்குது" என்றான். சாமி பேசுகிறது என்றால் அக்கா என்று கூப்பிடுமா? எனக்கு அது உறைக்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

அப்போதுதான் உஷாராணி சமையலறைப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தம்ளர். அவள் முகத்தில் வியாபாரமே இல்லை, வெளிறிப்போயிருந்தது.

"அண்ணி, இது சாமி இல்ல. உப்புக் குறைஞ்சு போச்சு. சுங்கை பூலோவுல ஒரு கஸ்டமர் இப்படித்தான் விழுந்தாரு, கம்பெனியில வெளியே சொல்லாதேன்னாங்க. நேத்துலேர்ந்து இவருகிட்ட கெஞ்சுறேன், நான் விக்கிறதுக்காகச் சொன்னது எல்லாம் பொய்ன்னு காலைப் பிடிச்சுச் சொன்னேன், விரதத்தைச் சோதிக்கிறியான்னு கேட்கிறாரு. இது பைப்புத் தண்ணியில உப்புப் போட்டது. பிடிங்க, குடிக்க வைங்க. காரை எடுக்கச் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

நான் அந்தத் தம்ளரைத் தட்டிவிட்டேன். உப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது.

"நாப்பத்தாறு நாள் விரதத்தை ஒரு வாய் உப்புல கெடுக்கப் பாக்குறியாடி பாவி? எம் பொண்ணுக்கு நல்ல வாக்கு வந்திடுமோன்னு வயிறு எரியுதா?"

"அண்ணி, செத்துருவாருண்ணி!"

"சாமிய வெச்சுக்கிட்டு என்ன வார்த்தைடி பேசுற!"

அவள் என்னைத் தாண்டி அவனிடம் போகப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். என் வளையல் கீறி ரத்தம் வந்தது. மயிரைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் வெளியே தள்ளி, அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் கதவைத் தட்டிய சத்தம் உறுமிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? காரை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாலும், சாமி வந்திருக்கிற நேரத்தில் யார் அசைவார்கள்? லோகன் மறுபடியும் "தண்ணி" என்றான். பக்கத்தில் இருந்த ஜாடியிலிருந்து இன்னும் இரண்டு தம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது முறையாக என் கேள்வியைக் கேட்டேன். அப்போதுதான் அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது. அது நிற்கும், நின்றதும் பதில் வரும் என்று கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அனு வந்து கதவை இடிக்கிற வரைக்கும்.

எட்டு மாதம் ஆயிற்று. போன மாதம் அனுப்பிரியா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "ஏம்மா, அத்தைக்கு உப்பு விஷயம் நல்லாத் தெரியுமே. நானே சொல்லியிருக்கேனே. அன்னிக்கு ஒரு வார்த்தைகூடவா சொல்லாம இருந்திருப்பாங்க?"

அடுத்த நாளே உஷாராணி இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு செமினிக்குப் போனேன். ஷம்சுதீன் என்பவருடைய மாமாக் சாப்பாட்டுக் கடையில் உஷாராணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். பின்பக்கம் குழாயடியில் நின்று பேசினோம்.

"அனுகிட்ட ஏதாவது சொன்னியா?" என்று கேட்டேன். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"இல்லண்ணி. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா யாரு நம்புவா? பத்து வருஷமாப் பொய்ய வித்தவ நான். அவர் சாவுக்கு நான்தான் முதல் காரணம், அது எனக்குத் தெரியும். நீங்க கதவைத்தான் சாத்தினீங்க." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா அனு என்கிட்ட வந்து கேட்டா நான் மறைக்க மாட்டேன். தம்ளர்ல உப்புப் போட்டுக் காட்டின அன்னிக்கு அது ஒண்ணுதான் என் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்லுச்சு. அதுகிட்ட இனிமே பொய் சொல்ல முடியாதுண்ணி."

அவள் என்னைத் திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேனோ என்னவோ. நேராகக் கடைக்குள் வந்தேன். கல்லாவில் ஷம்சுதீன் இருந்தார்.

"உஷாவுக்குச் சொந்தமா அக்கா? நல்ல பொண்ணு. நல்லா வேலை செய்யுது" என்றார்.

"அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றேன். "அது எந்தம்பி பெண்டாட்டி. தண்ணியில வெச்சே அவனைக் கொன்னவ. கிள்ளான்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. நாலு பேர் சாப்பிடுற கடையில அவளை வெச்சிருக்கீங்களே, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பேரு என்னாகும்?"

அவர் முகம் மாறிப்போனது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

போன வாரம் அனுப்பிரியா எப்படியோ இடத்தைக் கண்டுபிடித்து, என்னிடம் சொல்லாமலே செமினிக்குப் போய்விட்டு வந்தாள். வாசலிலேயே நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அத்தையை மூணு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்களாம்மா. வாடகை ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். போன் போகல. அத்தை எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன். அது உண்மைதான்.